வெறும் ஊசி

பங்குனி வெயில் பாலக்கரைச் சந்துகளில் காலை ஒன்பது மணிக்கே வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும். பிச்சமுத்து அதற்கு முன்னால் வந்தால்தான் உண்டு. ஆனால் அவர் வருகிற சேதி அவருக்கும் முன்னால் வந்துவிடும். காக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஈரத்துணி சுற்றிய சின்ன மண்கலயத்தைக் கையில் தூக்கிக்கொண்டு அவர் சந்துக்குள் திரும்பியதுமே கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். பிள்ளைகள் கட்டிலுக்கு அடியிலும் அரிசிப் பானைக்குப் பின்னாலும் போய்ச் சேர்வார்கள். "கலெக்டர் வந்தாக்கூடத் தெரு எந்திரிச்சுதான் நிக்கும். நான் வந்தா எந்திரிச்சு உள்ளேயே போயிருது. அவ்வளவு மரியாதை," என்பார் பிச்சமுத்து.

அவர் சுகாதார ஆபீசில் அம்மை குத்துகிறவர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மெட்ராஸ் கிண்டியிலிருந்து கண்ணாடிக் குழலில் வருகிற அம்மைப்பாலைக் கலயத்து ஈரமணலில் புதைத்து எடுத்துப்போவார். குழந்தையின் மேல்கையைத் துடைத்து ஒரு சொட்டு வைப்பார். நுனியில் பல் பல்லாக வட்டம் வைத்த ஊசியை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, ஆறவைத்து, அந்தச் சொட்டின் மேல் ஊன்றி ஒரு திருகு திருகுவார். எட்டாம் நாள் போய், கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று பார்ப்பார். இவ்வளவுதான் வேலை. நடுவில் வாங்குகிற ஏச்சும், எப்போதாவது ஒரு வாளித் தண்ணீரும் வேலையில் சேர்த்தி. "சோப்பு மட்டும் யாரும் குடுக்கிறதில்ல. இல்லாட்டி வீட்டுல போய்க் குளிக்கவே வேண்டாம்."

அது அறுபத்து மூன்றாம் வருஷம். பெரியம்மையை நாட்டைவிட்டே விரட்டுவதென்று டில்லியில் முடிவு செய்திருந்தார்கள். டில்லியில் முடிவு செய்வது சுலபம்; பாலக்கரையில் கதவைத் திறக்கச் சொல்வது பிச்சமுத்து பாடு. சமயபுரத்தில் ஆத்தாள் பக்தர்களுக்காகத் தானே பட்டினி கிடக்கிற மாதம் வேறு. அம்மன் விரதம் இருக்கும்போது அம்மையைக் குத்தலாமா என்று கேட்கிறவர்களுக்கு, "அவ பட்டினி கிடக்கறா, நான் பசியோட நடக்கறேன். ரெண்டு பேரும் ஒரே கட்சிதான்," என்று பதில் வைத்திருந்தார்.

அன்றைக்கு அந்தப் பதில் தேவைப்படவில்லை. சந்தின் நாலாவது வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. வண்டிக்காரன் பெரியண்ணன் வீடு. ஏழு வயது மகன் ஆண்டிக்கு முத்துப் போட்டு இரண்டு நாளாகிறதாம். போன வருஷம் பிச்சமுத்து வந்தபோது பஞ்சாரத்தைக் கவிழ்த்து, கோழிகளை வெளியே விரட்டிவிட்டு, உள்ளே அந்தப் பையனைத்தான் ஒளித்து வைத்திருந்தார்கள். பஞ்சாரம் தும்மியது. பிச்சமுத்துவுக்கும் கேட்டது. "கோழிக்குச் சளி போல. கஷாயம் குடும்மா," என்று சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது அந்த நிலையைத் தாண்டும்போது அந்தத் தும்மல் காதில் கேட்டது.

அடுத்த வீடு ஷரபுன்னிசாவுடையது. கதவு திறந்தே இருந்தது. முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள், அவரைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் மகன் ரசூல், மூன்று வயது, வாசலில் உட்கார்ந்து வெட்டிப்போட்ட இலைத் துண்டுகளை எண்ணத் தெரியாமல் எண்ணிக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே. இந்தத் தெருவுல உங்களுக்குத் தொறந்திருக்கிற கதவு இது ஒண்ணுதான்."

"அதான் நேரா இங்க வந்தேன். மத்த வீட்டுக் கதவெல்லாம் நல்ல பர்மா தேக்கு. தட்டித் தட்டி எனக்குக் கைவலி."

அவள் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டைக் கண்ணால் காட்டினாள். "ராத்திரியெல்லாம் முனகல் கேக்குதுண்ணே. தாங்க முடியல. இவனும் அவனும் ஒரே தட்டுல தின்ன புள்ளைங்க. ஆனா பாருங்க, இவனுக்கு ஒண்ணும் இல்ல. அல்லா காப்பாத்துனான். அல்லாவுக்கு அடுத்து நீங்க."

"என்னைய ரொம்ப முன்னாடி தள்ளிட்டியே தாயி. நடுவுல பெரிய டாக்டருங்க எல்லாம் கோவிச்சுக்குவாங்க."

"நெசமாத்தாண்ணே. போன வருஷம் நீங்க உங்க புள்ளையத் தூக்கிட்டு வந்து, இதே வாசல்ல உக்காந்து அதுக்குப் போட்டீங்கள்ல, அதப் பாத்துத்தான் நான் இவன விட்டேன். இல்லாட்டி விட்டிருக்க மாட்டேன். தன் புள்ளைக்கு எவனாவது கெடுதல் செய்வானான்னு எங்க வீட்டுல உள்ளவருகிட்டயும் சொன்னேன்."

பிச்சமுத்து பையனைத் தன் பக்கம் இழுத்தார். ரசூலின் சட்டையை விலக்கிப் பார்த்தார். நான்கு தழும்புகள், காலணா மாதிரி, அழகாக விழுந்திருந்தன. பக்கத்து வீடுகளில் கெஞ்சிக் கூத்தாடி ஆறு பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத் திரும்பினார். மத்தியானம் ஆபீஸ் மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்தவர் மோர்சோற்றைத் தொடாமல் மூடிவைத்தார்.

ஷரபுன்னிசா பார்த்தது உண்மை. அவள் பார்க்காதது ஒன்று இருந்தது.

பிச்சமுத்துவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மயிலம்மாள், மயிலா என்று கூப்பிடுவார்கள், ஒன்பது வயது. அவளுக்கு ஆறு வயதில் அவரே இரண்டாவது தடவை அம்மை குத்தினார். நன்றாக எழும்பி ஆறியது. ஆறு மாதம் கழித்து அந்தத் தழும்பில் ஒன்று வெளுத்தது. அரிசி அளவு, பிறகு புளியங்கொட்டை அளவு. அப்புறம் உதட்டோரம். அப்புறம் விரல் மொளிகள். தெருவில் குஷ்டம் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் அம்மா வந்து இடம் மாற்றச் சொன்னாள்.

தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் பொறுமையான மனுஷர். "இது குஷ்டமே இல்லம்மா, ஒட்டாது. உடம்பு தன்னோட நிறத்தைத் தானே எதிரின்னு நெனச்சு அழிக்குதுன்னு இப்ப சில பேர் சொல்றாங்க. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. சில குடும்பத்துல ஓடும். காயம், கீறல் பட்ட எடத்துல மொதல்ல தலை காட்டும்," என்றார்.

வழியில் பிச்சமுத்து, "காவலுக்கு வெச்ச ஆளு வீட்டுக்காரனையே அடிக்கிற கதை," என்று சொல்லிப் பார்த்தார். மனைவி வேலம்மாள் காதில் அது விழவில்லை. டாக்டர் சொன்னதில் கடைசி வார்த்தைகள் மட்டுந்தான் அவளோடு வீட்டுக்கு வந்தன. கீறல் பட்ட எடத்துல. கீறியது யார்?

அதற்கப்புறம் பிறந்தவள் வள்ளிக்கண்ணு. அவள் பிறந்த தீட்டு கழிவதற்கு முன்பே வேலம்மாள் சொல்லிவிட்டாள்: "இவ மேல உங்க ஊசி படக்கூடாது."

போன பங்குனியில் இன்ஸ்பெக்டர் சவரிராயன் ஒரு யோசனை சொன்னார். "பிச்சமுத்து, உம்ம கைக்குழந்தைக்குத் தெரு நடுவுல வச்சுப் போடும். எல்லாக் கதவும் தானாத் திறக்கும்." நல்ல யோசனை. வீட்டில் வந்து சொன்னபோது வேலம்மாள் துறையூரில் இருக்கும் பிறந்த வீட்டுக்கு மூட்டை கட்டினாள். இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள். "ஊசிய வைங்க. மருந்த வைக்காதீங்க."

பிச்சமுத்து முதலில் சிரித்தார். அப்புறம் அப்படியே செய்தார். சொட்டு வைப்பது போல் குழலைச் சாய்த்து, வெறும் தோலில் வெறும் ஊசியை இரண்டு இடத்தில் திருகினார். பிள்ளை வீறிட்டது. அந்தச் சத்தத்தில் பதினொரு கதவுகள் திறந்தன. இருபத்து மூன்று பிள்ளைகளுக்கு அன்றைக்கு நிஜமாகவே போட்டார். ஆபீஸ் ரிஜிஸ்தரில் இருபத்து நாலு என்று எழுதினார். இருபத்து மூன்று உண்மைக்கு ஒரு பொய் அதிகமில்லை என்று அப்போது தோன்றியது.

ரசூலின் தழும்பைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது மயிலா முற்றத்தில் உட்கார்ந்து கார்போகரிசி விதையை அரைத்துக்கொண்டிருந்தாள். கருப்பாக வழுவழுவென்று வரும். வெள்ளைமேல் தடவி வெயிலில் நிற்க வேண்டும். நாட்டு வைத்தியர் சொன்னது. இரண்டு வருஷமாகத் தடவுகிறாள். வெள்ளை அசையவில்லை. அம்மிதான் கருத்தது.

வேலம்மாள் அடுப்படியில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். தெருப்பக்கம் அம்மை என்றால் வீட்டில் தாளிப்பதில்லை. வள்ளிக்கண்ணு அவள் முதுகில் தொற்றிக்கொண்டு நின்றது. இந்த வெக்கையிலும் அதற்கு முழுக்கைச் சட்டை.

"பெரியண்ணன் பையனுக்கு ரொம்ப அதிகம்," என்றார் பிச்சமுத்து, கலயத்தை நிழலில் வைத்துக்கொண்டே. "உள்ளங்கால்ல கூட எடமில்ல."

"கேள்விப்பட்டேன்."

"சந்துக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவுல ஒரு குழாயடிதான் இருக்கு."

"அதுவும் தெரியும். தண்ணி நான்தான் தூக்குறேன்."

"வேலு, சின்னவளுக்குப் போட்டுரலாம்."

கரண்டி நின்றது. பிறகு மறுபடி சுற்றியது.

"ஊருக்கெல்லாம் வேப்பிலை நானே கட்டித்தரேன். இவள விட்டுருங்க."

"ஊருல உள்ள கையெல்லாம் புடிச்சுத் திருகறேன். அத்தனை பேருக்கும் வெளுத்தா போச்சு? இருபத்திரண்டு வருஷத்துல எத்தனை ஆயிரம் கை. இந்நேரம் திருச்சியே வெள்ளக்காரன் ஊரா ஆயிருக்கணும்."

"சிரிப்பா இருக்கா உங்களுக்கு?"

"இல்ல. பழக்க தோஷம்."

"அத்தன ஆயிரத்துல எனக்கு ஒண்ணுதான். அந்த ஒண்ணுக்கு வந்துருச்சு. நீங்க ஆயிரத்தப் பாப்பீங்க, அது உங்க வேலை. நான் இந்த ரெண்டத்தான் பாப்பேன்." அவள் முற்றத்தைப் பார்க்காமலேயே குரலைத் தாழ்த்தினாள். "அவள எவன் வந்து கட்டுவான்? ஒருத்தியப் பத்தி நெனச்சே எனக்குத் தூக்கமில்ல. ரெண்டு பேருன்னா நான் எங்க போவேன்?"

"உயிரோட இருந்தாத்தானே கட்டுறதப் பத்திப் பேசணும்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கனமான பேச்சு என்று அவருக்கே தெரிந்தது. வேலம்மாள் கூழை இறக்கினாள். குழந்தையின் சட்டைக்கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள். அந்த இழுப்பில் ஏதோ அவசரம் இருந்தது. பிச்சமுத்து அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை விடிகாலை ஆண்டி போய்விட்டான். அம்மை கண்ட உடம்பு என்று மேளம் இல்லாமல், நாலு பேர் மட்டும் கொண்டுபோனார்கள். பெரியண்ணன் வெற்று வண்டியை இழுத்துக்கொண்டு சந்தில் மேலும் கீழும் நடந்ததாகச் சொன்னார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நடந்திருக்கிறான்.

பிச்சமுத்து வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஷரபுன்னிசா வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ரசூல். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, புள்ள மவுத்தாயிட்டான். தெரியும்ல?"

"தெரியும் தாயி. உள்ள வா."

"இல்லண்ணே, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். இவனுக்குப் போட்டு ஒரு வருஷமாச்சு. தழும்பு மங்குன மாதிரி தெரியுது. பவர் போயிருச்சோன்னு பயமா இருக்கு. மறுபடி போடணுமா? உங்க புள்ளைக்கு மறுபடி போட்டீங்களா?"

வேலம்மாள் அப்போதுதான் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, குழந்தையோடு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். மயிலா பள்ளிக்கூடப் பையோடு தூணருகில் நின்றாள்.

"அவனுக்கு நல்லாவே புடிச்சிருக்கு. பயம் வேணாம்," என்றார் பிச்சமுத்து.

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல போட்டதுதானே. அண்ணி, பாப்பா கையக் கொஞ்சம் காட்டுங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா எனக்கு மனசு அடங்கிரும்."

வேலம்மாள் அசையவில்லை. ஷரபுன்னிசா உரிமையோடு குனிந்து, குழந்தையின் சட்டைக்கையை மேலே சுருட்டினாள்.

மேல்கையில் தழும்பு எதுவும் இல்லை. கருப்பாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. பிச்சமுத்து அழுக்கு என்று நினைத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். கருப்பு உதிர்ந்தது. அடியில் ஒரு வெள்ளை. அரிசி அளவுதான்.

அவருக்கு அந்த இடம் தெரியும். போன வருஷத்து இரண்டு திருகில் மேல் திருகு.

"இத யாரு தடவுனது?" என்றாள் வேலம்மாள்.

"நான்தாம்மா," என்றாள் மயிலா. "நீ குளிப்பாட்டறப்ப பாத்தேன். நீ சொல்லாம இருந்தியா, நானும் சொல்லல. சீக்கிரம் தடவுனா போயிரும்னு தினம் நீ கோலம் போடறப்ப தடவுனேன்."

"உனக்குத் தெரியுமா, வேலு?" பிச்சமுத்துவின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"பத்து நாளாத் தெரியும்." அவள் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படிச் சொல்றது? மூணு வருஷமா உங்க மருந்து உங்க மருந்துன்னு உங்களக் கரிச்சுக் கொட்டியிருக்கேன். இவளுக்கு மருந்தே வைக்கலியே. நான்தானே வைக்க விடல. அப்புறம் எங்கேருந்து வந்துச்சு?"

ஷரபுன்னிசா நிமிர்ந்தாள். "மருந்து வைக்கலியா?"

ரசூல் இடுப்பிலிருந்து இறங்க உதைத்தான்.

"போன வருஷம் எங்க வாசல்ல..." அவள் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "அது வெறும் ஊசியா அண்ணே?"

"ஆமா தாயி."

"என் புள்ளைக்கும் வெறும் ஊசிதானா?"

"இல்ல. சத்தியமா இல்ல. அவன் தழும்பப் பாரு. வெறும் ஊசி அப்படித் தழும்பு வைக்காது. இவளுக்கு மட்டும்தான்."

அவள் ரசூலின் கையைப் பார்த்தாள், வள்ளிக்கண்ணுவின் கையைப் பார்த்தாள். பார்த்துப் பார்த்து முடித்தாள்.

"அப்ப நீங்க சொன்ன பொய்தான் என் புள்ளையக் காப்பாத்துச்சு. இத அல்லா எந்தப் பக்கம் வைப்பானோ எனக்குத் தெரியல. ஆனா அண்ணே, நான் பெரியண்ணன் பொஞ்சாதிகிட்ட எத்தன தடவ சொன்னேன் தெரியுமா? அவரு தன் புள்ளைக்கே போட்டாரு, நீயும் போடுன்னு. அவ என்ன சொன்னா தெரியுமா? ‘அந்தாளு மொகமே சரியில்ல அக்கா, என்னமோ மறைக்கிறாரு'ன்னா. நான்தான் அவளத் திட்டுனேன்."

பிச்சமுத்து வாழ்க்கையில் எத்தனையோ ஏச்சு வாங்கியவர். இது ஏச்சே இல்லை. உட்கார்ந்தார்.

"அவர ஏன் சொல்ற," என்றாள் வேலம்மாள். "சொன்னவ நான்."

"நீ சொன்னே. கை என்னுது," என்றார் பிச்சமுத்து.

அடுப்படியிலிருந்து பால் சூடேறுகிற வாசனை வரத் தொடங்கியிருந்தது. வேலம்மாள் குழந்தையை மடியில் இழுத்து, கையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கீறுனா வெளுக்கும். அதானே டாக்டர் சொன்னாரு?"

"எல்லாருக்கும் இல்ல. உள்ள இருக்கிறவங்களுக்கு."

"இவளுக்கு இருக்கு. தெரிஞ்சு போச்சு. இப்ப நெசமாவே குத்துனா அந்த எடமும் வெளுக்கும்."

"வெளுக்கலாம். வெளுக்காமயும் போவலாம். நான் உனக்கு உத்தரவாதம் தர முடியாது வேலு. இனிமே தெரியாததத் தெரியும்னு சொல்லமாட்டேன்."

"குத்தாட்டி?"

குழாயடிப் பக்கமிருந்து யாரோ பெரியண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அவன் பதில் கொடுக்காததும் கேட்டது.

மயிலா தூணை விட்டு வந்து தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் விரல் மொளிகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "இது வலிக்காதும்மா," என்றாள். "பாக்கிறவங்களுக்குத்தான் என்னமோ பண்ணும். எனக்கு ஒண்ணும் பண்ணாது."

வேலம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருஷத்தில் இந்தப் பெண்ணிடம் இதை யாரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்த மாதிரி இருந்தது.

"எடுத்துட்டு வாங்க," என்றாள் கணவனிடம்.

பிச்சமுத்து கலயத்தைக் கொண்டுவந்தார். விளக்கைப் பற்றவைத்தார். இரண்டு குச்சி அணைந்தது.

"என் கண்ணு முன்னால வைங்க அண்ணே," என்றாள் ஷரபுன்னிசா. "சொட்டு விழுறத நான் பாக்கணும்."

"நல்லாப் பாரு தாயி."

அவர் குழந்தையின் வலது கையைத் தேடினார். ஒரு கீறலும் படாத கை. துணியை நனைத்துத் துடைக்கப் போனபோது வேலம்மாள் அதை விலக்கிவிட்டு இடது கையை நீட்டிக் காட்டினாள். வெள்ளையின் மேல் விரலை வைத்தாள்.

"இங்கயே போடுங்க. இது ஏற்கெனவே வெளுத்துப்போன எடம். புதுசா ஒண்ணக் கெடுக்க வேணாம்."

இருபத்திரண்டு வருஷத்தில் எந்த டாக்டரும் அவருக்கு இப்படி ஓர் இடம் சொல்லித் தந்ததில்லை. பிச்சமுத்து துடைத்தார். குழலை உடைத்துச் சாய்த்தார். சொட்டு விழுந்து அந்த அரிசி அளவை மூடிக்கொண்டு நின்றது. ஷரபுன்னிசா குனிந்து பார்த்துத் தலையசைத்தாள். ஊசி ஒரு திருகு திரும்பியது. வள்ளிக்கண்ணு வீடு அதிரக் கத்தியது.

அம்மை குத்துகிறவர்கள் பயப்படுவது இதற்கு அடுத்த கால் மணி நேரத்துக்குத்தான். அவர்கள் தெருவைத் தாண்டியதும் தாய்மார்கள் முந்தானையால் துடைத்துவிடுவார்கள், சாணியைப் பூசுவார்கள், சுண்ணாம்பு வைப்பார்கள். சொட்டு தானாகக் காய வேண்டும். பிச்சமுத்து பெண்டாட்டியைப் பார்த்தார்.

வேலம்மாள் குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்து, சட்டை படாமல், காற்றுக்குக் காட்டி வைத்திருந்தாள். ஈ ஒன்று வந்தது. வாயால் ஊதினால் சொட்டு கலையும் என்று தலையை ஆட்டி விரட்டினாள்.

அடுப்படியில் சொய்ங் என்று சத்தம் கேட்டது. பால் பொங்கிக் கொள்ளியில் வழிகிற கருகல் வீடெங்கும் பரவியது. பிச்சமுத்து எழப்போனார்.

"நீங்க உக்காருங்க, இவ கால உதைக்கிறா, புடிங்க," என்றாள் வேலம்மாள். "ஷரபு, நீ போய் எறக்கு."

ஷரபுன்னிசா அடுப்படி வாசலில் நின்றாள். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் அவள் கூடத்தைத் தாண்டியதில்லை.

"உள்ள வரலாமா அண்ணி?"

"பால் போவுது தாயி."

அவள் ரசூலை மயிலாவிடம் விட்டுவிட்டு உள்ளே போனாள். பாத்திரம் இறங்குகிற சத்தம், கொள்ளியில் தண்ணீர் தெளிக்கிற சத்தம். முந்தானையில் கை துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"பாதிதான் மிஞ்சுச்சு."

"போதும்," என்றாள் வேலம்மாள், கண்ணை எடுக்காமல். சொட்டு இன்னும் காயவில்லை.